பானைக்குள் தேய்ந்த வெள்ளிக்காசு

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர் வீரகேசரி. தங்கமான மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை தலைக்குள் நுழைந்துவிட்டால், அது நிறைவேறும்வரை தானும் தூங்க மாட்டார், மற்றவர்களையும் தூங்க விட மாட்டார்.

அந்தத் தடவை அவரைப் பிடித்தது பழங்காசு ஆசை. விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, சாப்பிட்டுக் கை கழுவின கையோடு பட்டுச் சுருக்குப்பையைத் திறந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்துக் காட்டினார். "எங்கள் முப்பாட்டனார் அடித்தது. உங்கள் முப்பாட்டனார் காசு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். கருவூலத்தைத் தலைகீழாகப் புரட்டியும் ஒன்றுகூட அகப்படவில்லை. வீரகேசரியின் தாத்தா பழைய வெள்ளியையெல்லாம் உருக்கி ஊஞ்சல் சங்கிலி செய்துவிட்டாராம். ராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "முப்பாட்டனாரின் காசு ஒன்று கொண்டுவருகிறவருக்கு ஆயிரம் பொன்!" என்று அறிவித்துவிட்டார்.

கருவூல அதிகாரி அகளங்கருக்கு அன்றைக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஆயிரம் பொன்னும் வேண்டும். அதோடு பூவணன் ஒழியவும் வேண்டும். பூவணன் யாரென்றால், அந்த அரசவையின் விகடகவி. ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. சிரிக்கவைத்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் ராஜா சிரிக்கிறபோதெல்லாம் ஏனோ அகளங்கரைப் பார்த்துத்தான் சிரிப்பார். அது அகளங்கருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவர் வெளியூர்த் தட்டான் ஒருவனைப் பிடித்தார். கோட்டை வாசலில் முப்பாட்டனாரின் யானைச் சின்னம் கல்லில் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து நல்ல வெள்ளியிலேயே ஒரு காசு அடிக்கச் சொன்னார். வெள்ளியில் கஞ்சத்தனம் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். காசு பளபளவென்று வந்தது. அதை மணலில் போட்டு ஆசை தீரத் தேய்த்தார். எண்ணெய் தடவிப் புகையில் வாட்டினார். எருக்குழியில் ஊறப்போட்டார். எடுத்தபோது யானையின் தந்தம் மழுங்கி, காது தேய்ந்து, காசு கன்னங்கரேலென்று நூறு வயசுக் கிழடு மாதிரி இருந்தது. நாற்றம் மட்டும் போக மாட்டேன் என்றது. சந்தனத்தை அப்பி அதையும் சமாளித்தார்.

அரசவையில் பட்டுத்துணியில் வைத்து நீட்டியபோது ராஜாவின் கண் கோழிமுட்டை அளவுக்கு விரிந்தது.

"மகாராஜா, அவசரம் வேண்டாம்" என்றார் அகளங்கர், மகா யோக்கியர்போல. "பழம்பொருளைச் சோதித்து வாங்குவதே முறை. எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் பூவணன் இருக்கிறாரே, அவரே சோதிக்கட்டும். உண்மையா, போலியா, என்ன விலை தகும் என்று சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. கண்ணைக் காசிலிருந்து எடுத்தால்தானே யோசிப்பதற்கு?

பூவணனின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்து அகளங்கருக்குப் பால் குடித்ததுபோல இருந்தது. போலி என்று சொன்னால் எதை வைத்து நிரூபிப்பான்? ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் வேறு காசே இல்லையே! நாடு கடத்தல்தான். உண்மை என்று சொன்னாலோ ஆயிரம் பொன் நேராக வீட்டுக்கு வந்துவிடும்.

பூவணன் காசைக் கல்தரையில் போட்டான். கணீரென்றது. உரைகல்லில் உரைத்தான். சுத்த வெள்ளி. குன்றிமணி வைத்து நிறுத்தான். வெள்ளிக்கு ஏற்ற கனம்தான். முகர்ந்து பார்த்தான். "அடடா, சந்தன வாசனை! முப்பாட்டனார் பெரிய பக்திமான்" என்றான்.

"மகாராஜா, வெள்ளியில் பழுதில்லை" என்றான் பூவணன். "ஆனால் இந்த வெள்ளிக்கு முக்கால் பொன் கொடுத்தாலே அதிகம். மிச்சப் பொன்னையெல்லாம் நாம் இதன் கதைக்குத்தான் கொடுக்கிறோம். காசை உரைத்தாயிற்று. இனிக் கதையை உரைக்க வேண்டும். ஐயா, இது எங்கே கிடைத்தது?"

"என் மாந்தோப்பில். கிணறு தோண்டியபோது ஆளுயர ஆழத்தில் ஒரு பானை. அதற்குள் இருந்தது."

"கைபடாத காசென்றால் மதிப்பு அதிகமாமே?"

அகளங்கருக்கு ஆசை கண்ணை மறைத்தது. "கையா? ஒரு கைகூடப் பட்டதில்லை! அச்சுப்பட்டறையிலிருந்து நேரே பானைக்குப் போன காசு. வாயில் அரக்கு வைத்து அடைத்திருந்தது. முத்திரைகூட உடையவில்லை."

"சந்தைக்குப் போனதில்லையா?"

"இல்லை."

"யார் மடியிலாவது? உண்டியலிலாவது?"

"இல்லவே இல்லை, ஐயா! சத்தியமாக!"

பூவணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அலறினான். "மகாராஜா! அந்தப் பானைக்குள்ளே சந்தை நடந்திருக்கிறது! மண்புழு மிளகு வாங்கியிருக்கிறது. பூரான் வெற்றிலை வாங்கிவிட்டுச் சில்லறை கேட்டிருக்கிறது. கைமாறிக் கைமாறி யானைக்குத் தந்தமே தேய்ந்துபோயிற்று, பாருங்கள்! அடித்த அன்றைக்கே பானைக்குள் போன காசு வேறெப்படித் தேயும்?"

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. காசை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

அகளங்கர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது... புதைத்தவர் கொஞ்ச காலம் புழங்கிவிட்டுப் புதைத்திருக்கலாம். நான் என்ன கண்டேன்? ஆனால் மண்ணுக்கடியில் கிடைத்தது மட்டும் நிஜம்."

"அதில் மாற்றமில்லையே?"

"துளியும் இல்லை!"

"எப்போது கிடைத்தது?"

"போன ஆடியில்."

"இப்போது தை. நல்லது" என்று பூவணன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான். "விலை சொல்லிவிடுகிறேன், மகாராஜா. இந்தக் காசு உண்மையானால் இதன் விலை ஒன்றுமில்லை. கலப்பைக் கொழு எட்டாத ஆழத்தில் கிடைப்பதெல்லாம் அரசருக்குச் சொந்தம், அன்றைக்கே ஒப்படைக்காதவனுக்குக் கை போகும் என்று சட்டம் இருக்கிறது. குயவர் ஒருவரின் விளக்கு அகளங்கர் வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டப்படிதானே? தம்முடைய பொருளைத் தாமே விலைக்கு வாங்குவார்களா?"

அந்தச் சட்டத்தைப் போட்டதே அகளங்கர்தான். களிமண் தோண்டிய குயவர் ஒருவருக்கு வெண்கல விளக்கு கிடைத்தபோது, அதைப் பிடுங்குவதற்காக ஊரெல்லாம் பறையறைவித்தார். விளக்கு இப்போது அவர் வீட்டுப் பூஜையறையில் எரிகிறது.

"போலியானால் முக்கால் பொன்" என்று பூவணன் தொடர்ந்தான். "ஆனால் அரச சின்னத்தைத் திருட்டுத்தனமாக அடித்தவனுக்குத் தலை போகும். இரண்டில் எது என்று நான் சொல்லித் தப்பாகிவிட்டால் நாடு கடத்திவிடுவீர்கள். எனக்கெதற்கு வம்பு? கொண்டுவந்தவர் வாயாலேயே சொல்லட்டும். உண்மை என்றால் உண்மை, போலி என்றால் போலி. அவர் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்."

அகளங்கர் தம் வலதுகையைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டுமே அவருக்கு ரொம்ப வேண்டியவை.

"என்ன அகளங்கரே," என்றார் ராஜா, "உண்மையா, போலியா?"

"மகாராஜா!" என்று தடாலென்று காலில் விழுந்தார் அகளங்கர். "உண்மையும் இல்லை, போலியும் இல்லை. வேடிக்கை! தாங்கள் சில நாளாக மனக்குறையோடு இருந்தீர்களே என்று, சும்மா சிரிக்கவைப்பதற்காக நானே செய்த விளையாட்டுக் காசு!"

ராஜா ஒரு நொடி பார்த்தார். அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிம்மாசனம் ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பூவணா, ஏமாறவிருந்த என்னைக் காப்பாற்றினாய். அந்த ஆயிரம் பொன்னை நீயே எடுத்துக்கொள்!" என்றார். பூவணன் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேல்துண்டை அவிழ்த்து விரித்துப் பிடித்துக்கொண்டான்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அகளங்கர் பக்கம் திரும்பினார். "என்னைச் சிரிக்கவைக்கவா செய்தீர்? இவ்வளவு திறமையைக் கருவூலத்தில் பூட்டிவைத்தது என் தவறு. அந்த விளக்கைக் குயவர் வீட்டில் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தை இங்கே வையும். நாளை முதல் பூவணனுக்குக் கீழே நீரும் ஒரு விகடகவி. தினம் ஒரு கதை. நான் சிரித்தால் உமக்குச் சோறு."

மறுநாள் சபை கூடியது. அகளங்கர் எழுந்து நின்றார். ராத்திரி முழுக்க யோசித்தும் ஒரு கதையும் வரவில்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: "ஒரு ஊரில் ஒரு கருவூல அதிகாரி இருந்தான்..."

அவ்வளவுதான். அடுத்த வார்த்தைக்கு யாரும் காத்திருக்கவில்லை. ராஜாவின் சிரிப்பு வாசல் காவலாளி வரைக்கும் கேட்டது.

அகளங்கருக்கு அன்றைக்குச் சோறு கிடைத்தது.