எண்பதாயிரத்தில் கேட்காதது

இசையமைப்பாளர் வித்யாபதிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், சிரிப்பார். அவர் சிரித்த மறுநாள் யாருக்காவது வேலை போயிருக்கும். அன்று ஒலிப்பதிவு உதவியாளர் ஜெபசீலியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஸ்டூடியோவுக்கு ரெண்டாயிரத்துல ஹெட்போன் வாங்கினியாமே? என்னோடது எண்பதாயிரம். அதுல கேக்காத ஒண்ணை இதுல கேட்டுச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

பக்கத்தில் தயாரிப்பாளர் கங்காதரன் வேறு உட்கார்ந்திருந்தார். ஜெபசீலி நேற்றுப் பதிவான பாட்டை ஓடவிட்டு, புது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அது காதை முழுக்க மூடும் ரகம். ஏசி இரைச்சல் அடங்கியது. பல்லவி முடிந்து பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் வேறொரு குரல் கேட்டது. ஜெபசீலி அதே இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள்.

"சார், உங்க ஹெட்போன் பின்பக்கம் திறந்த ரகம், ஏசி இரைச்சலும் உள்ளே வரும், சத்தம் வெளியேயும் போகும். நேத்து பாடகி அதைத்தான் மாட்டியிருந்தாங்க. நீங்க இங்கேயிருந்து பாடற அறைக்குப் பேசினது அந்த ஹெட்போன்லேருந்து வெளியே கசிஞ்சு, அவங்க மைக்குல ஏறியிருக்கு."

"பொய்! என்ன பேசினேன், சொல்லு பாப்போம்."

"என் வாயால சொல்ல பயமா இருக்கு சார்." ஹெட்போனைக் கழற்றிக் கங்காதரனிடம் நீட்டினாள். "நீங்களே கேளுங்க சார். உங்களைப் பத்தித்தான்."

வித்யாபதி பாய்ந்து அதைப் பிடுங்கினார். "அருமையான ஹெட்போன்! என்ன தெளிவு! இதே மாதிரி இன்னும் நாலு வாங்கிடும்மா."

இந்தத் தடவை கங்காதரன் சிரித்தார்.

"நீங்க இன்னும் காதுல மாட்டவே இல்லையே சார்?"