கடைசிக் கோப்பு

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஓர் ஆசிரியை இருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்த ஒரு கம்ப்யூட்டர் இயங்குதளத்தில், ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனிக்கும் பகுதி அவர் பொறுப்பு. சீடர் சீனிராஜ் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். டெலிபோன் இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டுப் பாடம் கேட்க வந்த மனிதர். பிடிவாதம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அந்த வாரம் அதில் வேலை செய்யும் குழுவே இரண்டுபட்டுக் கிடந்தது. புது மாதிரி டிஸ்க் ஒன்று வந்திருந்தது. வழக்கமான டிஸ்க்கில் இடமிருக்கும் இடத்தில் எழுதலாம். இதில் மூட்டை அடுக்குவதுபோல வரிசையாகத்தான் எழுத வேண்டும், நடுவிலிருந்து ஒன்றை உருவ முடியாது. இதற்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கம்பெனிக்கு ஒரு மாதிரி செய்வார்கள், அத்தனைக்கும் வளைந்து கொடுத்தால் உருப்படுமா என்றது இன்னொரு கட்சி. சீனிராஜ் இரண்டாவது கட்சியில் முன்வரிசை.

கரூரிலிருந்து ருக்மாங்கதன் என்பவர் அந்த டிஸ்க்குக்காக நிரல் எழுதி அனுப்பியிருந்தார். ஏழு மாத உழைப்பு. அதை மறுத்துப் பதில் எழுதிக்கொண்டு ஆசிரியையிடம் வந்தார் சீனிராஜ்.

"இந்த வடிவமைப்பே நமக்கு ஒத்து வராதுன்னு எழுதிட்டேன் டீச்சர். அனுப்பிரட்டுமா?"

"நிரல்ல தப்பு ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"ஒண்ணு இருக்கு. டிஸ்க்ல எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே எழுதியாச்சுன்னு சொல்லிருது. நடுவுல கரண்டு போனா போனதுதான்."

"எந்த வரி?"

"அறுநூத்தி நாலு."

"அவர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னா சரி பண்ணிருவாரே!" சீனிராஜ் சிரித்தார். "அப்புறம் எதைச் சொல்லி மறுக்க?"

ஆசிரியை சிரிக்கவில்லை. எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துவந்து, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்டினார்.

"இதுவும் வரிசையா எழுதுற டிஸ்க்தான், அந்தக் காலத்து மாதிரி. என் கூட்டாளி எட்வினோடது. இந்த வேலையை ஆரம்பிச்சதே நாங்க ரெண்டு பேரும்தான்."

"இந்த மாதிரியை நாம ஏத்துக்கவே இல்லையே. எப்படி ஓடுது?"

"எட்வின் எழுதின நிரல்ல ஓடுது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அனுப்பினான். நான்தான் மறுத்தேன். வடிவமைப்பு சரியா தப்பான்னு ரெண்டு மாசம் மல்லுக்கட்டினோம். குழுவை விட்டே போயிட்டான். அப்புறம் பேச்சே இல்ல. தன் வீட்டுல மட்டும் இதை ஓட்டிக்கிட்டிருந்தான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இறந்துட்டான். மஞ்சக் காமாலை. நாலு வருஷமாச்சு." கீபோர்டைச் சீனிராஜ் பக்கம் தள்ளினார். "அவன் தங்கச்சிதான் இதைக் கொண்டாந்து குடுத்தா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உட்கார்ந்து என்னமோ டைப் அடிச்சானாம். சேவ் பண்ணிட்டேன், செண்பகத்துக்கிட்ட குடுத்துருன்னானாம். தூக்கிட்டுப் போற அவசரத்துல யாரோ மெயின் சுவிட்சை அணைச்சிருக்காங்க."

திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கோப்புக்கு 'செண்பகத்துக்கு' என்று பெயர். சீனிராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியை தலையசைத்த பிறகுதான் அதைத் திறந்தார்.

வெள்ளையாக இருந்தது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

"ஆமா."

"என்ன எழுதியிருப்பாரு?"

செண்பகவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அது தெரியாது அண்ணாச்சி. அதே தப்புதான், முன்னூத்திப் பன்னெண்டாவது வரி. அவன் நிரலை அனுப்பின அன்னைக்கே பார்த்துட்டேன்."