பல்லைக் கடித்தவர்

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குருவின் பெயர் வடிவம்மை. சீடர் பூலுடையார், தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவைத் "தாயி" என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

பூலுடையாரை மடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய கோபம். மகள் செண்பகத்தின் வளைகாப்பில், மாப்பிள்ளை வீட்டார் அவரை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு இரண்டாம் பந்தியா என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். பின்படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற அந்தக் குரலில்தான் கேட்டார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவன் வாளியோடு நின்றுவிட்டான். பூலுடையார் அந்த வீட்டில் கை நனைக்காமல் வெளியேறினார்.

பேரன் பிறந்த சேதி போனில்தான் வந்தது. இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

மடத்துக்கு வந்த அன்றே குருவிடம் கேட்டார்.

"கோவத்தை எப்படித் தாயி அடக்க?"

வடிவம்மை அப்போது விருந்தாளிகளுக்காக உலை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பதில் சொன்னார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க அண்ணாச்சி."

குரு வாக்கு. பூலுடையார் அப்படியே இருந்தார். மாவாட்டும்போது கடித்தார். பூசையில் கடித்தார். தூக்கத்தில் அவர் கடிக்கிற சத்தம் கேட்டு, பக்கத்தில் படுத்தவர்கள் எலி என்று நினைத்துத் தட்டியதும் உண்டு. கன்னம் இறுகிப்போனது. காதுக்குள் குத்தியது. காதுதான் கெட்டுவிட்டது என்று நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டார்.

ஆனால் கத்தவில்லை. அதை மடத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

ஒருநாள் செண்பகம் போனில் பேசினாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு மொதச் சோறு ஊட்டுதோம். நீங்க வரணும். வந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும். இந்த வீட்ல எல்லாரும் அதைத்தான் பார்ப்பாக."

"வாரேம்மா. சாப்பிடுதேன்" என்றார்.

புதன்கிழமை காலையில் ஒரு கொட்டாவி விட்டார். காதோரம் டக்கென்று ஒரு சத்தம். உயிர் போகிற வலி. மூடிய வாய் மறுபடி திறக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி, அவ்வளவுதான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார். கண்ணில் நீர்.

"தாயி, நான் பொகையில போட்ட வாய். இது அந்தப் பெரிய நோய்தான். பேரனைப் பார்க்காமலே போயிருவேன்."

"முதல்ல செருப்பைப் போடுங்க" என்றார் வடிவம்மை.

டவுனில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். விளக்கை அடித்துப் பார்த்தார். காதுக்கு முன்னால் விரலை வைத்து அமுக்கினார். பூலுடையார் நாற்காலியிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லை. தாடை மூட்டு பிசகியிருக்கு. பல்லெல்லாம் தேய்ஞ்சு கிடக்கு. பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

"பழக்கம் இல்லம்மா. உபதேசம்."

டாக்டர் குருவைப் பார்த்தார். குரு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப அது புத்துநோய் இல்லையா?" என்றார் பூலுடையார்.

"இல்லவே இல்லை. கொஞ்ச நாள் குழைஞ்ச சோறா சாப்பிடுங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழே கையைக் குடுத்துக்கோங்க. உதடு மூடியிருக்கலாம், பல்லு மேல பல்லு படக்கூடாது. தானா இளகும்."

வெளியே வந்ததும் பூலுடையார் சைக்கிள் ஸ்டாண்டின் திண்டில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிறவருக்குப் பக்கத்தில் குரு சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணாச்சி."

பூலுடையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மடத்துக்குத் திரும்பியதும் அவருக்கு அடுத்த கவலை வந்துவிட்டது.

"தாயி, பல்லைக் கடிக்கலைன்னா கோவம் வெளிய வந்துருமே. வெள்ளிக்கிழமை அந்த வீட்ல நான் என்ன செய்ய?"

வடிவம்மை உள்ளே போனார். வெந்நீரில் துணியைப் பிழிந்து வந்தார். சீடரின் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்ல."

"பல்லு படுது. விலக்குங்க."

பூலுடையார் பல்லை விலக்கினார். பிறகு, திறக்காத வாயால் முணுமுணுத்தார்.

"உங்க மேலதான்."

"சொல்லுங்க."

"குடும்பம் உடைஞ்சு வந்து நின்னு கேட்டேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. உலையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னிய."

அவருக்கு இதைக் கத்திச் சொல்லத்தான் ஆசை. வாய் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சின்னதாக வெளியே வந்தது.

"ஆமா அண்ணாச்சி" என்றார் வடிவம்மை. "திரும்பிப் பார்த்திருக்கணும்."

பூலுடையார் காத்திருந்தார். சொன்ன பிறகு வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார் போல. ஒன்றும் விழவில்லை.

"துணி ஆறிட்டு. வேற நனைச்சுக் கொண்டாரேன்" என்று குரு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பூலுடையார் தனியாகத்தான் போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு தூக்குவாளி, முகமெல்லாம் வெளிச்சம்.

"பிள்ளை எம்மூக்கைப் புடிச்சு இழுத்துட்டான் தாயி!"

"சாப்பிட்டியளா?"

"அதைக் கேளுங்க. மொதப் பந்தியில உக்கார வச்சாக. வடை, அப்பளம், எல்லாம் வச்சாக. நான் எதைக் கடிக்க? கையை இலையில வச்சுக்கிட்டு முழிக்கேன். சம்பந்தியம்மா முகம் சுண்டிப்போச்சு. இன்னும் வீம்பு போகலை பாருங்கன்னு யாரோ சொல்லுதாக."

"பெறகு?"

"மாப்ளை வந்து பக்கத்துல உக்காந்தாரு. ஏன் மாமா சாப்பிடலைன்னாரு. நான் சொன்னது அவருக்குக் கேக்கலை. காதை என் வாய்க்கிட்டக் கொண்டாந்தாரு. வாய் தொறக்கல மாப்ளைன்னேன். அப்படியே, அன்னிக்கு ரெண்டாம் பந்தியில உக்காரச் சொன்னது இன்னும் நோவுதுன்னும் சொல்லிட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"முன்னாலதான். ஆனா அவர் ஒருத்தருக்குத்தானே கேட்டுச்சு."

வடிவம்மை தலையை ஆட்டினார்.

"செண்பகம் அழுதுட்டா. பிள்ளைக்குக் குழைச்சு வச்ச பருப்புச் சோத்துல பாதியை அள்ளி எனக்கு வச்சா. நானும் பேரனும் ஒரே சோத்தைச் சாப்பிட்டோம். கை நனைச்சுட்டேன் தாயி."

குருவுக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

"மாப்ளை ஒண்ணும் சொல்லலையா?"

"கை கழுவப் போனப்ப சொன்னாரு. நான் கத்துனதுல அவர் சொந்தக்காரங்க முன்னால தலை நிமிர முடியலையாம். பிள்ளை பொறந்தப்ப நான் வரலைன்னு செண்பகம் ராத்திரி ராத்திரி அழுதாளாம். அவருக்கும் எம்மேல அவ்வளவு கோவம் இருந்திருக்கு. இதையெல்லாம் எங்க மாப்ளை வச்சிருந்தியன்னு கேட்டேன். சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டுதாரு! உள்ள புண்ணாம். மாத்திரை சாப்பிடுதாராம்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்னத்தச் சொல்ல? வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். தாடை எப்ப இளகுச்சுன்னே தெரியல."

வடிவம்மை அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தார். இந்த முறை சீடரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அப்படியே இருங்க அண்ணாச்சி."