பச்சைப் புள்ளி

டாக்டர் ஜெசிந்தாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெல்லிய சீவலாக்கி, ஊதாவும் ரோஜாவுமாகச் சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி அவர் மேசைக்குக் கொண்டுவருவார்கள். மைக்ராஸ்கோப்பில் ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வருவார். கண் நிலைத்துவிட்ட இடத்தில், கண்ணாடியின் மேல், பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்தால் அங்கே புற்றுநோய்.

அதற்குப் பிறகுதான் பொன்னுத்துரை குனிவார். அந்த மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு தலை. ஒன்றில் குரு, எதிரில் சீடர்.

சீடருக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். குருவுக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. அதில் பொன்னுத்துரைக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

"நீங்க என்ன சொல்றீங்க, பொன்னுத்துரை?"

தினமும் காலை ஒன்பது மணிக்கு வரும் இந்தக் கேள்விக்காகவே அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்று சொல்லலாம்.

சித்திரையில் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வந்து இறங்கின. ஸ்லைடைப் படம் பிடித்து, நோய் இருக்கும் இடத்தைத் திரையில் சிவப்பாகத் தீட்டிக் காட்டுமாம். சேமிப்பறையில் இருந்த மூவாயிரம் பழைய ஸ்லைடுகளைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். எல்லாம் ஜெசிந்தா பார்த்து முடிவு சொன்னவை.

அன்றிலிருந்து, புள்ளி வைத்த ஸ்லைடு முதலில் ஸ்கேனருக்குள் போனது; கேள்வியும் மாறிப்போனது.

"அது என்ன சொல்லுது?"

அதைக் கேட்ட பிறகு, சில நாள், ஜெசிந்தா எதிர்ப்பக்கம் திரும்புவார். சில நாள் மறந்துவிடுவார்.

லேப் டெக்னீஷியன் ராபியா கம்ப்யூட்டருக்குப் புது மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஏசி போட்டாச்சு சார். நமக்கு அந்த ஃபேன்தான்."

"அது ஓடுதா?"

"சத்தம் வருது சார்."

பொன்னுத்துரை சிரித்து வைத்தார். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. ஜெசிந்தா திரையைப் பார்த்துத் தலையை ஆட்டும்போதெல்லாம், தன்னிடம் ஒரு நாளாவது இப்படி ஆட்டியதுண்டா என்று யோசித்தார். ஆட்டியதுண்டு. அது அவருக்கு நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஜெசிந்தா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இனி, தனக்கும் முன்னால் ஸ்லைடுகளை முதலில் பார்ப்பது பொன்னுத்துரையா, கம்ப்யூட்டரா?

திங்கட்கிழமை ஒரு ஸ்லைடின் ஓரத்தில் ராபியாவின் விரலிலிருந்து பச்சை மை பட்டிருந்தது. அங்கே சதையே இல்லை, வெறும் கண்ணாடி. அதையும் திரை சிவப்பாக்கியிருந்தது. பொன்னுத்துரை மட்டும் கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள், ஜெசிந்தா வகுப்புக்குப் போன நேரம், நோயில்லாத ஸ்லைடுகள் மூன்றை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் புள்ளி வைத்து ஸ்கேனருக்குள் தள்ளினார். மூன்றிலும் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு. பிறகு, நோய் உறுதியான ஒரு ஸ்லைடை எடுத்து, அதன் புள்ளியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு உள்ளே வைத்தார். திரை சும்மா இருந்தது.

கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை சாப்பிட்டார். மாதக்கணக்கில் தெரியாத ருசி அன்றைக்குத் தெரிந்தது.

"மேடம், அது சதையைப் பார்க்கலை. உங்க மையைத்தான் பார்க்குது. பழைய ஸ்லைடுல எல்லாம் நோய் இருந்த இடத்துல உங்க புள்ளி இருந்துச்சே."

நான்கு ஸ்லைடுகளையும் போட்டுக் காட்டினார். ஜெசிந்தா கடைசிவரை பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்தே சந்தேகம் வந்துச்சு."

"நேத்துச் சொல்லலையே."

பொன்னுத்துரை ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கினார்.

"சரி. முதல்ல பார்க்கிற வேலை அதுக்கு வேண்டாம்னு எழுதிடறேன்."

"அப்ப நான்..."

"காலையில வாங்க."

புதன்கிழமை அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"மாப்பிள்ளை தூங்குறார் சார்," என்றாள் ராபியா.

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பிடாதீங்க."

ஜெசிந்தா ஒரு ஸ்லைடையும் அதற்குரிய சீட்டையும் அவர் பக்கம் நகர்த்தினார். ஸ்லைடின் நடுவில் பச்சைப் புள்ளி.

"மார்பகக் கட்டி. நேத்து வந்தது. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

பொன்னுத்துரை புள்ளிக்குக் கீழே பார்த்தார். அதைச் சுற்றி ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. செல்கள் கொஞ்சம் வீங்கியிருந்தன. புண் ஆறுகிற இடத்தில் வரும் வீக்கம், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. மேடம் தன்னைச் சோதிக்கிறார்.

தலையை நிமிர்த்தினார். முகத்தில் சிரிப்பு.

"மை இருக்கு மேடம். கீழே ஒண்ணும் இல்லை. நான் என்ன அந்தப் பெட்டியா, மையைப் பார்த்து ஏமாற?"

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

புற்றுநோய் இல்லை என்று எழுதினார். கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

ஜெசிந்தா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் புள்ளியைத் துடைத்தார். ஸ்லைடை மறுபடியும் வைத்தார்.

"இப்பப் பாருங்க."

இப்போது எங்கே தொடங்குவது என்று பொன்னுத்துரைக்குத் தெரியவில்லை. இடது மேல் மூலையிலிருந்து தொடங்கினார். வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே வந்தார். நடுப்பகுதி கடந்தது. கீழ் ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது.

கறுத்த சின்னஞ்சிறு செல்கள். ஒன்றன்பின் ஒன்றாக நாருக்குள் நுழைந்துகொண்டிருந்தன. புற்றுநோய்.

தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"புள்ளியை எதுக்கு நடுவுல வச்சீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு வச்சேன். அங்க விழுந்துச்சு."

பொன்னுத்துரை, தான் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஜெசிந்தா அதன் மேல் விரலை வைத்தார்.

"இது யாரோட ஸ்லைடு?"

சீட்டில் இருந்த பேரைப் பொன்னுத்துரை அப்போதுதான் பார்த்தார்.

"சுடலைவடிவு. ஐம்பத்தொரு வயசு."

"ரிப்போர்ட் வாங்க வந்திருக்காங்க. வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க."

பொன்னுத்துரை கதவைப் பார்த்தார். பிறகு, சின்னக் குரலில் சொன்னார்.

"ஆனா மேடம், நான் அது மாதிரி ஏமாறலை. உங்க புள்ளியை நான் நம்பவே இல்லையே."

ஜெசிந்தா விரலை எடுத்தார்.

"அது நம்பிப் பார்த்துச்சு. நீங்க நம்பாமப் பார்த்தீங்க. ரெண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. சுடலைவடிவை நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குப் பார்க்கிறது?"