மச்சான் பக்கத்துப் பேட்டரி

"என் மச்சானைப் படகைவிட்டு இறக்கணும். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் தஸ்நேவிஸ்.

பிலோமினா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பழைய பேட்டரியின் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பை வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன வார்த்தை?"

"தப்பு அவன் மேலதான்னு."

படகுத்துறையில் அவளை டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கரண்ட் கோளாறு என்று எவன் வந்தாலும் அவனோடு படகுக்குப் போவாள். போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். படகுக்காரனே கழற்ற வேண்டும், அவனே பூட்ட வேண்டும். தஸ்நேவிஸ் அவளைவிட மூத்தவர். அவரும் அப்படித்தான் அவளிடம் தொழில் படித்தார்.

அவருடைய படகுக்கு இரண்டு எஞ்சின். இடது எஞ்சினும் அதன் பேட்டரியும் அவர் போட்டவை. வலது எஞ்சினும் அதன் பேட்டரியும் தங்கை புருஷன் ரொசாரியோ போட்டவை. கூட்டுப் படகென்றால் அந்தத் துறையில் அதுதான் வழக்கம், ஆளுக்கு ஒரு எஞ்சின். தீவுக்கு ஆள் ஏற்றிப் போய் வருவது இருவருக்கும் பிழைப்பு.

"திங்கக்கிழமையானா அவன் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, டீச்சர். மத்த நாள் ஓடுது, ஓட்டத்துல பேட்டரி நெறஞ்சிருது. ஞாயித்துக்கிழமை படகு சும்மா கெடக்கும். திங்க காலைல பாத்தா பேட்டரி செத்துக் கெடக்கு. புதுசு மாத்தினான். அதுவும் செத்துட்டு."

"உங்க பேட்டரி?"

"என்னுது கல்லு மாதிரி நிக்கி. அவன் ஞாயித்துக்கிழமை படகுல ஏறி விளக்கைப் போட்டுக்கிட்டு ரேடியோ கேக்குதான். வேற என்ன?"

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? பேட்டரி சொல்லுதே!"

அவள் கழுவிய முனையைத் துணியால் துடைத்தாள்.

"போன திங்க ஒத்தை எஞ்சினோட போனேன். கழிமுகத்துல அலை படகைத் திருப்பிட்டு. பாறை கைக்கு எட்டுத தூரம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி போட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல."

"ஒத்தை எஞ்சினோட ஏன் போனீங்க?"

"ஆளு ஏறி உக்காந்தாச்சுல்லா!"

அவள் துணியை உதறி மடித்தாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"இன்னைக்கு அவன் எஞ்சினைக் கழட்டிக் கரையில போட்டுருவேன்."

"தங்கச்சி?"

"அவ புருஷன் கூடப் போகட்டும்."

பிலோமினா எழுந்தாள். இரண்டு வயர் முனை தொங்கும் ஒரு பல்பை எடுத்துக்கொண்டாள்.

துறையில் ரொசாரியோ ஏற்கெனவே படகில் நின்றான். கையில் ஸ்பேனர்.

"நானே கழட்டிக்கிடுதேன். என் எஞ்சின்ல உம்ம கை பட வேண்டாம், மச்சான்" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "என்ன டீச்சர், நான் பேட்டரியை உறிஞ்சிக் குடிக்கேன்னு சொன்னாரா? வாயை மோந்து பாக்கியளா?"

"கொஞ்சம் பொறு, ரொசாரியோ. அண்ணே, எல்லா ஸ்விட்சையும் அணைங்க."

அணைத்தார்.

"வலது பேட்டரியில கறுப்பு வயரைக் கழட்டுங்க. கழட்டின வயருக்கும் முனைக்கும் நடுவுல இந்தப் பல்பைக் குடுங்க."

கொடுத்தார். எல்லாம் அணைந்து கிடந்த படகில் அந்தப் பல்பு மட்டும் மங்கலாக எரிந்தது.

"பாத்தியா டீச்சர்! கரண்டு போவுது!"

"போவுது. எது குடிக்குன்னு பாருங்க. ஒவ்வொண்ணா கழட்டுங்க. பல்பு அணையுத வரைக்கும்."

தஸ்நேவிஸ் நேரே ரொசாரியோவின் ரேடியோவுக்குப் போனார். திருகைத் தேடவில்லை. பிய்த்தே எடுத்தார்.

பல்பு எரிந்தது.

அடுத்து, வலது பக்கத்தில் ரொசாரியோ மாட்டியிருந்த விளக்கைப் பிய்த்தார். எரிந்தது. ஹாரன். எரிந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பு. எரிந்தது.

"என் சட்டையையும் கழட்டிப் பாரும்" என்றான் ரொசாரியோ.

பேட்டரி முனையில் இன்னும் ஒரு வயர் இருந்தது. மெல்லியது, சிவப்பு. தஸ்நேவிஸ் அதைத் தொடாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது?" என்றாள் பிலோமினா.

"அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு வயர் எதுக்கு?"

ரொசாரியோ அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது பலகைக்குப் பின்னால் நுழைந்து, கம்பத்தில் ஏறி, மிதவைச் சட்டைகள் தொங்கும் மூலைக்குப் போனது. சட்டைகளை விலக்கினான். ஒரு சிறிய கேமரா. அடியில் படம் பிடித்து வைக்கும் பெட்டி. அவன் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தபடி இருந்தது.

படகு ஒருமுறை கரையில் இடித்து விலகியது.

"எதுக்கு மச்சான்?"

"எதுக்கா? ராத்திரியில படகை எடுத்துக்கிட்டு நீ போறன்னு துறையில பேச்சு. நான் பாக்காண்டாமா?"

"பாக்கீரு. அதுக்கு என் பேட்டரியா?"

"உன்னைப் பாக்கதுக்கு என் பேட்டரி எதுக்குலே வீணாப் போகணும்?"

பிலோமினா கேட்டாள்: "அண்ணே, கேமரா வச்சது முதல்லயா, பேட்டரி செத்தது முதல்லயா?"

அவர் கேமராவைப் பார்த்தார். "இத்துனூண்டு கேமரா. அது என்னத்தைக் குடிச்சிரப்போவுது?" என்றார்.

"ராவும் பகலும் கண்ணு மூடலைல்ல. படத்துல என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல."

"ஒண்ணுமா?"

"அவன் விவரமான ஆளு. கேமராவுக்கு முதுகுப் பக்கமா வந்து ஏறுதான்."

ரொசாரியோ சிரித்தான். கேட்க நன்றாக இல்லை. ஸ்பேனரோடு பின்புறம் போய், தன் எஞ்சினின் முதல் போல்ட்டில் அதை மாட்டினான்.

"கழட்டுங்க அண்ணே, அந்தச் சிவப்பை" என்றாள் பிலோமினா.

தஸ்நேவிஸ் இழுத்தார். பல்பு அணைந்தது.

அவர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சானின் முதுகைப் பார்த்தார். பிறகு இடது பக்கம், தன் பேட்டரியைப் பார்த்தார்.

"சரி. கோளாறு தெரிஞ்சிட்டு. வயரை என் பேட்டரில குடுத்துக்கிடுதேன். அவன் பேட்டரிக்கு இனி சேதமில்லைல்ல? போதும்லா?"

"குடுங்க" என்றாள் பிலோமினா. பல்பைக் கழற்றி, வயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "திங்கக்கிழமை உங்க எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அப்ப யாரை இறக்குவீங்க?"

தஸ்நேவிஸ் வாயைத் திறந்தார்.

திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.