ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டவர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஒவ்வொரு வேளையும் அவர் சரியாக ஒரு நாழிகை பசியோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இலையில் எல்லாம் பரிமாறியிருக்கும். ஆனால் கை வைக்க மாட்டார். எதிரே சடையப்பர் என்பவர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் எடுத்துச் சாப்பிடுவார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு நாழிகை பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் ராஜா சாப்பிடுவார். சாப்பாட்டில் யாராவது விஷம் வைத்திருந்தால் தெரிய வேண்டுமே, அதற்காக.

ராஜா பட்டத்துக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் அவர் ஆறிப்போன சாதத்தைத்தான் சாப்பிட்டார்.

மழை பெய்த ஒரு மத்தியானம் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

"என் குடிகள் எல்லாரும் சூடாகச் சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் உறைந்த நெய்யைச் சாப்பிட வேண்டுமா? நாளை முதல் எனக்கு ஆவி பறக்கும் சாதம் வேண்டும்!"

மடைப்பள்ளி அதிகாரி கஜபதி இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"மகாராஜா, தாமதத்துக்குக் காரணம் இந்தக் கிழவர்தான். வாயில் பல் இல்லை. இவர் மென்று முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடுகிறது. என் அக்காள் மகன் லிங்கராயன் வாலிபன். கண் மூடித் திறப்பதற்குள் சோதித்துவிடுவான்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. சொல்லும்போது அவர் சடையப்பரைப் பார்க்கவில்லை. நெய்யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சடையப்பர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. ராஜாவின் சாப்பாட்டையே சாப்பிடுகிறவருக்குச் சம்பளம் எதற்கு என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். அவர் மனைவி தெய்வானைக்காகத் தினம் ஒரு படி அரிசி வீட்டுக்கு வரும். மறுநாளிலிருந்து அது நின்றுபோனது.

இன்னொரு விதியும் இருந்தது. அரண்மனைக்கு வெளியே அவர் எதையும் சாப்பிடக் கூடாது. உடம்புக்கு ஏதாவது வந்தால் எந்தச் சாப்பாட்டால் வந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் தெய்வானை சமைத்ததைச் சாப்பிட்டதே இல்லை. பானையில் மிச்சமிருந்த அரிசியில் அவள் கஞ்சி காய்ச்சி, அன்றுதான் முதல்முறையாக அவருக்கு ஊற்றினாள்.

"உப்பு போதுமாங்க?"

"போதும்."

பிறகு அவள் தன் பங்கை ஒரு வாய் குடித்தாள். "அட, நான் உப்பே போடலையே! போதும்னு சொன்னீங்களே?"

சடையப்பர் மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார். சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாளில் பானை காலியானது. அன்று காலையில் விகடகவி மாசிலாமணி வந்து வாசலில் நின்றார். அரண்மனையில் சடையப்பரை நலம் விசாரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, துண்டை எடுத்துத் தோளில் போடுங்கள். சபைக்குப் போகலாம்."

"எதற்கப்பா? நான் எதுவும் கேட்க மாட்டேன்."

"நீங்கள் வந்து நின்றால் போதும். கேட்பதை நான் கேட்கிறேன்."

சபையில் மாசிலாமணி நேராகவே கேட்டார். "மகாராஜா, இத்தனை வருஷம் வேலை பார்த்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம். அவர் வீட்டில் இன்று அடுப்பு மூட்டவில்லை."

"வேலையா?" என்று கஜபதி சிரித்தார். "மூன்று வேளையும் ராஜபோஜனம்! நெய்ச்சோறு, பால்கோவா, பலாச்சுளை! நியாயமாகப் பார்த்தால் தின்றதற்கெல்லாம் அவர்தான் அரண்மனைக்குக் கடன்பட்டிருக்கிறார்."

சபை முழுவதும் சிரித்தது. சடையப்பர் தூணோடு தூணாக ஒட்டி நின்றார்.

ராஜாவுக்கும் வேடிக்கையாக இருந்தது. "மாசிலாமணி, கஜபதி சொல்வது சரியாகத்தானே படுகிறது? விருந்து சாப்பிடுவது வேலை என்று நாளை மத்தியானத்துக்குள் நிரூபித்துக் காட்டு. காட்டினால் கிழவருக்கு ஆயுள் முழுக்க ஜீவனம். இல்லாவிட்டால்..."

"இல்லாவிட்டால் விகடகவியும் கிழவரோடு போகட்டும்" என்று கஜபதி முடித்தார்.

"சம்மதம். நாளை சபையோர் எல்லாரும் மகாராஜாவின் போஜனசாலைக்கு வந்துவிடுங்கள். சும்மா இல்லை, விருந்து!" என்றார் மாசிலாமணி.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். சடையப்பரும் ஓரமாக நின்றார். வரிசையாக இலை போட்டு, ஆவி பறக்கப் பரிமாறியிருந்தது. வாசனையில் ராஜாவே எச்சில் விழுங்கினார்.

மாசிலாமணி கைகூப்பினார். "பெரியோர்களே, இன்று நீங்கள் முதலில் சாப்பிட வேண்டும். ஒரு நாழிகை கழித்து மகாராஜா சாப்பிடுவார். வேறொன்றும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு வியாபாரி மடைப்பள்ளிக்கு ஒரு குடம் நெய்யை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை. நல்லவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நெய்யில்தான் இன்றைய சமையல் முழுவதும். சாப்பிடுங்கள்!"

சாதத்தில் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள்.

"எனக்கு இன்று விரதம்" என்றார் பொக்கிஷ அதிகாரி.

"வரும் வழியெல்லாம் முறுக்கு மென்றுகொண்டு வந்தீர்களே?"

"அதற்குப் பிறகு ஆரம்பித்த விரதம்."

"எனக்குப் பல்வலி" என்றார் சேனாபதி.

"பக்கத்து நாட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மாசிலாமணி. பிறகு கஜபதி பக்கம் திரும்பினார். "ஐயா, இது உங்கள் மடைப்பள்ளி. ராஜபோஜனம். நெய்ச்சோறு. உங்களுக்குமா விரதம்?"

கஜபதி அக்காள் மகனைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளினார். "சோதிப்பது லிங்கராயன் வேலை. டேய், உட்கார்ந்து சாப்பிடடா!"

"நானா? மாமா, நான் எப்போது விழுங்கியிருக்கிறேன்? நாக்கில் தொட்டுவிட்டுத் துண்டில் துப்பினால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

ராஜாவின் கை மெல்லத் தன் வயிற்றைத் தொட்டது. பதினோரு நாளாக அவர் சூடாகச் சாப்பிட்டதெல்லாம் யாரும் சோதிக்காத சாப்பாடு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

சோறு ஆறத் தொடங்கியது. ராஜா பசியோடு இருக்கிறார் என்பது மட்டும் சடையப்பருக்குத் தெரிந்தது. அவர் போய்க் கையைக் கழுவினார். ராஜாவின் எதிரே தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நெய்ச்சோற்றில் ஒரு கவளம், குழம்பில் ஒரு கவளம், பாயசத்தில் ஒரு வாய் என்று நிதானமாகச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார்.

சபை முழுவதும் அவரையே பார்த்தது. ஒருவர் அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைப் பார்த்தார். ஒருவர் விரல் நடுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். சடையப்பருக்கு இந்தப் பார்வை பழக்கம்தான். தினமும் மூன்று வேளை பார்த்ததுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மகாராஜா, எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள்" என்றார் மாசிலாமணி. "விருந்து சாப்பிடுகிறவரை யாராவது இப்படிப் பார்ப்பார்களா? இவர் மெல்லுவதற்காக நீங்கள் ஒரு நாழிகை காத்திருக்கவில்லை. இவர் சாகிறாரா என்று பார்க்கத்தான் காத்திருந்தீர்கள்."

ராஜா சடையப்பரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அந்த வியாபாரி யார்?" என்று கேட்டார்.

மாசிலாமணி இடுப்பிலிருந்து ஓர் ஒட்டுத் தாடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "சுத்தமான பசு நெய், மகாராஜா. என் வீட்டு நெய்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் தைரியமாகச் சிரித்தது. கஜபதி மட்டும் சிரிக்கவில்லை. அன்று முதல் லிங்கராயனுக்குப் பதிலாக அவரே உட்கார்ந்து முழுக் கவளமாக விழுங்கிச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. மாசிலாமணிக்கு ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டார். சடையப்பருக்கு ஒரு வீடும், இரண்டு பேருக்கு ஆயுள் முழுக்கச் சாப்பாடும் தருவதாகச் சொன்னார்.

இவ்வளவும் கொடுத்த பிறகும் ராஜாவுக்கு ஏதோ குறையாக இருந்தது. அவரே எழுந்து வந்து சடையப்பர் அருகில் உட்கார்ந்தார்.

"சடையப்பா, இனி நீ எதையும் சோதிக்க வேண்டாம். ஆசைப்பட்டதைச் சாப்பிடு. நான் சாப்பிட்டதையெல்லாம் எனக்கு முன்னால் சாப்பிட்டவன் நீ. அதில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது? சொல், நாளைக்கு அதையே செய்யச் சொல்கிறேன்."

எல்லாரும் ஆவலோடு பார்த்தார்கள். பால்கோவா என்பார் என்று சிலர் நினைத்தார்கள். மாசிலாமணியும் திரும்பிப் பார்த்தார்.

சடையப்பர் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியாது, மகாராஜா. விஷம் இருக்கிறதா என்று தேடித்தான் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கினேன். எதையும் நான் ருசித்ததே இல்லை."