சாம்பார் சாதத்தில் பிழை இல்லை

திருநெல்வேலியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. அதன் மேனேஜர் தில்லைநாயகம், தான் எழுதும் நிரலில் தப்பே வராது என்று தினமும் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்த செண்பகவடிவு ஒருநாள், "சார், உங்க நிரல் பாதியில நின்னுடுது" என்று சொல்லிவிட்டாள். நிரலை வாங்க வந்த அலோசியஸ் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மேனேஜருக்கு வந்ததே கோபம்!

"என் நிரலைத் திறக்காமலே அதுல தப்பிருக்குன்னு காட்டு. முடியலைன்னா நாளைக்கு வராதே."

சொல்லிவிட்டு, நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கருவிக்கு அவரே கறுப்புத் திரையில் கட்டளை தட்டினார். 'பிழைகள் பூஜ்ஜியம்' என்று வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன் சார். நான் எழுதினதுக்கும் இதே கட்டளையைப் போடலாமா?"

"போடு, உன் லட்சணமும் தெரியட்டும்."

அதற்கும் பூஜ்ஜியம்தான்.

"பரவாயில்லையே! என்ன எழுதினே?"

கோப்பைத் திறந்து காட்டினாள். 'இன்று மெஸ்ஸில் சாம்பார் சாதம், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம்' என்று இருந்தது.

அலோசியஸ் சிரித்துவிட்டார். "கருவி ரிப்பேரா?"

"இல்லைங்க. எந்தக் கோப்பையும் பார்க்காதேன்னு செட்டிங்ஸ்ல யாரோ ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க."

"அந்த வரியை எடுத்துட்டு, சார் நிரலுக்குப் போடும்மா."

போட்டாள். திரை முழுக்கப் பிழைகள் ஓடின. நிற்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்" என்றார் அலோசியஸ்.

தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடும்மா."